பல் போன பின் தாடை எலும்பையும் முக வடிவையும் மீட்பது எப்படி?

பற்களைத் தாங்குவதற்கென்றே தாடையின் விளிம்பில் அமைந்திருக்கும் எலும்பு, பல் இருக்கும்வரைதான் தன் உயரத்தையும் அகலத்தையும் காத்துக்கொள்கிறது. நாம் மெல்லும் ஒவ்வொரு முறையும் பல்லின் வேர், தன்னைச் சூழ்ந்திருக்கும் நார்ப்படலத்தின் வழியாக அந்த எலும்பை மெல்ல இழுக்கிறது. அந்த இழுவிசைதான் எலும்புக்கு வேலை. வேலை இருக்கும் எலும்பை உடல் ஓயாமல் புதுப்பிக்கிறது, வேலை இல்லாத எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவரான யூலியுஸ் வோல்ஃப் 1892-இல் எலும்பைப் பற்றி வகுத்த விதியின் சாரமும் இதுதான். பல் இழந்தவருக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு சிகிச்சையையும், அது எலும்புக்கு மீண்டும் வேலை கொடுக்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டால் குழப்பம் பெருமளவு குறையும்.

பல் எடுத்த பின் அந்த இடத்து எலும்பின் அகலம் முதல் ஓராண்டுக்குள் ஏறத்தாழப் பாதியாகக் குறையக்கூடும். அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. மேல் முன்பற்களுக்கு வெளிப்புறமாக இருக்கும் எலும்புச் சுவர் பெரும்பாலானவர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாதது என்பதால், இழப்பு அங்கேதான் முதலில் கண்ணில் படும். எல்லாப் பற்களையும் இழந்து பல்செட் அணிபவர்களுக்கு நிலைமை வேறு: அவர்களுக்குக் கீழ்த்தாடை, மேல்தாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கிறது. மேல் செட் கச்சிதமாக நிற்க, கீழ் செட் மட்டும் நாக்கோடு சேர்ந்து ஆடுகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

முகம் மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் தேவையற்ற செலவில் இறங்குகிறார்கள். பற்கள் இல்லாதபோது மேல், கீழ்த் தாடைகளுக்கு இடையிலான உயரம் குறைந்து, மோவாய் மேலேறி மூக்கை நோக்கி வருகிறது. உதடுகளுக்குப் பின்னால் தாங்கல் இல்லாததால் அவை உள்ளே மடிகின்றன. வாயோரங்களில் மடிப்பு விழுந்து எச்சில் தேங்கிப் புண்ணாகிறது. இவையெல்லாம் உயரமும் தாங்கலும் போனதால் வருபவை. இவற்றை, எலும்பை ஒரு மில்லிமீட்டர்கூட வளர்க்காமல், ஒழுங்காகச் செய்த பல்செட்டாலேயே பெருமளவு சரிசெய்ய முடியும். எலும்பே குறைந்துபோவது இரண்டாவது காரணம். அறுவை சிகிச்சை தேவைப்படுவது அதற்குத்தான்.

பல் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை

என் தாயாருக்கு ஒரே மாதத்தில் மேல்வரிசைப் பற்கள் ஆறு எடுக்கப்பட்டபோது, எலும்பைப் பற்றி அங்கே யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. புண் ஆறியதும் செட் கட்டிக்கொள்ளலாம் என்றார்கள். புண் ஆறிய நிம்மதியிலேயே மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் ஊன்றும் செயற்கை டைட்டானியம் வேர், பற்றி விசாரிக்கப் போன நாளில்தான், பல் எடுத்த அன்றே சிறு செலவில் முடிந்திருக்கக்கூடிய வேலை இப்போது இரண்டு அறுவை சிகிச்சையாகவும் ஓராண்டுக் காத்திருப்பாகவும் வளர்ந்திருப்பது புரிந்தது. ஆகவே, பல் எடுக்கத் தேதி குறிக்கும்போதே, எடுத்த பின் அந்த இடத்தில் என்ன வைக்கப்போகிறோம் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, பல்லை முழுவதுமாக எடுத்தே ஆக வேண்டுமா என்பது. மேற்பகுதி உடைந்துபோன பல்லின் வேர் உறுதியாக இருந்தால், வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குக் குறைத்து, அதன் மேல் பல்செட்டை அமர்த்தும் பழைய முறை ஒன்று உண்டு. கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல் வேர்கள் மட்டும் எஞ்சியிருந்தால்கூட அவற்றைச் சுற்றிய எலும்பு நிற்கும், செட்டும் அசையாது, கடிக்கும் உணர்வும் ஓரளவு மிஞ்சும். இம்பிளான்டின் பளபளப்பில் இந்த எளிய வழி மறக்கப்பட்டுவருவது எனக்கு வருத்தமே. வேர் இருக்கும் இடத்தில் ஈறு அழற்சியும் சொத்தையும் வராமல் அன்றாடம் துலக்க வேண்டும் என்பதே இதன் நிபந்தனை.

எடுத்தே தீர வேண்டும் என்றால், எலும்புச் சுவர் உடையாமல் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். கடைவாய்ப் பல்லின் வேர்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுப்பதும், மெல்லிய கருவியால் நார்ப்படலத்தை மட்டும் அறுத்துப் பல்லைத் தளர்த்துவதும் நேரம் எடுக்கும் வேலைகள்; ஆனால் அந்த அரைமணி நேரப் பொறுமை பிறகு பல மாதங்களை மிச்சப்படுத்தும். பல் எடுத்த குழியில் எலும்புத் தூளை நிரப்பி, மேலே ஒரு சவ்வை வைத்துத் தையல் போடுவது அடுத்த படி. இது எலும்புத் தேய்வை முற்றிலும் நிறுத்தாது, கணிசமாகக் குறைக்கும். பொதுவாக நான்கு முதல் ஆறு மாதங்களில் அந்த இடம் இம்பிளான்டுக்குத் தயாராகும். குழியில் சீழோ கடுமையான தொற்றோ இருந்தால், மருத்துவர் அன்றே தூளை வைக்காமல் சில வாரங்கள் தள்ளிப்போடுவது சரியான முடிவுதான். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பல் போய் நாளாகிவிட்டவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

அளவெடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும். முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே பொதுவான நிலையைச் சொல்லும். ஆனால் அது தட்டையான படம் என்பதால் எலும்பின் அகலத்தைக் காட்டாது. அகலத்தை அறிய முப்பரிமாணப் படமான சிபிசிடி ஸ்கேன் தேவை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: எலும்பின் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, கீழ்த்தாடையானால் உள்ளே ஓடும் நரம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மேல்தாடையானால் சைனஸ் என்னும் காற்றறையின் தரை எங்கே இருக்கிறது. வழக்கமான இம்பிளான்ட் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் இருபுறமும் ஒன்றரை மில்லிமீட்டராவது எலும்பு எஞ்ச வேண்டும், கீழ்த்தாடை நரம்புக்கு 2 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு. இந்த எண்கள் கையில் இருந்தால், எலும்பு ஒட்டு, அதாவது குறைந்த இடத்தில் எலும்பைச் சேர்த்து வளர்க்கும் அறுவை, உண்மையிலேயே தேவையா என்பதை நீங்களே ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

சென்னையில் இதற்கு வழிகள் குறைவில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது. வாய் அறுவை, ஈறு, செயற்கைப் பல் ஆகிய துறைகள் மூன்றும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்தச் சிகிச்சைக்குப் பெரிய வசதி. போரூர், இராமாபுரம், மதுரவாயல், உத்தண்டி எனப் புறநகர்களில் உள்ள தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முதுநிலை மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் சிகிச்சை அளிக்கிறார்கள். நேரம் கூடுதலாக ஆகும் என்பதை ஏற்றுக்கொள்பவர்களுக்குச் செலவு குறையும். தனியார் கிளினிக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள், அறுவை செய்பவரும் பல் கட்டுபவரும் எந்தத் துறையில் எம்.டி.எஸ். என்னும் பல் மருத்துவ முதுநிலைப் பட்டம் படித்தவர்கள் என்று தயங்காமல் கேட்கலாம். தூள், சவ்வு, இம்பிளான்ட், கேப் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொகை குறித்த மதிப்பீட்டை எழுத்தில் பெறுவதும் நல்லது. மொத்தமாக ஒரு தொகை சொல்லப்படும் இடங்களில்தான் பின்னர் சச்சரவு எழுகிறது.

உடல்நிலையை மறைக்கக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள், கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முடிவோடு போக வேண்டும். 7 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நன்று, 8-ஐத் தாண்டியிருந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் அறுவையைத் தள்ளிவைப்பார்கள். புகைபிடித்தல் எலும்பு ஒட்டின் வெற்றியை நேரடியாகக் கெடுக்கிறது. பாக்கும் பான் மசாலாவும் பழகியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: கன்னத்தின் உட்புறம் நாராக இறுகி வாய் திறப்பே குறைந்துபோவதால், கருவி நுழையவே இடம் இருக்காது. உடல் எலும்புகள் வலுவிழக்கும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்காக அலெண்ட்ரோனேட் மாத்திரையோ சோலெட்ரோனிக் அமில ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இம்மருந்துகளால் அறுவைக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் நிலை வருகிறது. கழுத்து, தாடைப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எலும்பைக் கூட்டும் முறைகள்

அகலம் மட்டும் சற்றுக் குறைவாக இருந்தால், இம்பிளான்டைப் பொருத்தும் அன்றே பக்கத்தில் எலும்புத் தூளை வைத்துச் சவ்வால் மூடிவிடுவார்கள். ஈறு வேகமாக வளரும், எலும்பு மெதுவாக வளரும். அந்த இடத்தை ஈறு முந்திப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பதே சவ்வின் வேலை. குறைவு அதிகமானால், கீழ்த்தாடையின் பின்புறத்திலிருந்தோ மோவாயிலிருந்தோ சிறு எலும்புத் துண்டை வெட்டி எடுத்துத் திருகாணியால் பொருத்துவார்கள். இன்னும் அதிகமானால் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். சொந்த எலும்பில் உயிருள்ள செல்கள் இருப்பதால் அது விரைவில் ஒட்டும். ஆனால் காயம் இரண்டு இடத்தில் ஆகும்.

தூள் எதனால் ஆனது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதப்படுத்திய மாட்டெலும்பு, கொடையாகப் பெற்ற மனித எலும்பு, ஆய்வகத்தில் செய்த கால்சியம் பாஸ்பேட் என்று வகைகள் உண்டு. சவ்வுகளில் பல மாட்டின் அல்லது பன்றியின் கொலாஜெனிலிருந்து செய்யப்படுபவை. சமய நம்பிக்கையாலோ உணவுக் கொள்கையாலோ மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே சொன்னால், செயற்கைப் பொருளைக் கொண்டு திட்டமிட முடியும். அறுவை முடிந்த பிறகு தெரியவந்து வீட்டில் மனவருத்தம் ஏற்பட்ட கதைகள் நம் ஊரில் உண்டு. நோயாளியின் இரத்தத்தையே சிறிதளவு எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த ஃபைப்ரின் படலமாக்கி வைக்கும் பிஆர்எஃப் முறையும் இப்போது பரவலாக இருக்கிறது; அது புண் ஆறுவதற்கு உதவும், ஆனால் பெரிய எலும்புக் குறைவை அது மட்டுமே நிரப்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மேல் கடைவாய்ப் பற்களுக்கு மேலே மேல்தாடை எலும்புக்குள் காற்றறையாக இருக்கும் சைனஸ், பற்கள் போன பின் கீழ்நோக்கி விரிகிறது. மேலிருந்து சைனஸும் கீழிருந்து தேய்மானமும் நெருக்க, நடுவில் சில மில்லிமீட்டர் எலும்பே மிஞ்சுகிறது. அங்கே செய்வது சைனஸ் லிஃப்ட்: பக்கவாட்டில் சிறு சாளரம் திறந்தோ, இம்பிளான்டுக்கான துளை வழியாகவோ, சைனஸின் உட்சவ்வைக் கிழியாமல் உயர்த்தி, அடியில் தூளை நிரப்புவது. நான்கைந்து மில்லிமீட்டர் எலும்பு இருந்தால் அன்றே இம்பிளான்டையும் வைக்கலாம். இல்லையென்றால் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் காத்திருக்க வேண்டும். இதற்குப் பின் இரண்டு வாரங்களுக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், உறிஞ்சுகுழல் கூடாது.

எந்த முறையானாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒட்டிய எலும்புக்கும் வேலை வேண்டும். தூள் வைத்துப் பணம் கட்டிவிட்டு, இம்பிளான்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால், வளர்த்த எலும்பும் மெல்லக் கரையும். சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் ப்ரோனேமார்க், 1950-களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியம் கருவி எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒன்றிவிட்டதைக் கண்டு, 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் வேர்களைப் பொருத்தினார். அந்த ஒன்றிணைப்பின் வழியாகத்தான் மெல்லும் விசை மறுபடியும் எலும்புக்குள் இறங்குகிறது. இம்பிளான்ட் வைத்த பின் கீழ்த்தாடையில் பொதுவாக மூன்று மாதங்கள், மேல்தாடையில் நான்கு முதல் ஆறு மாதங்கள் காத்து, அதன் பின் பல் கட்டுவது வழக்கம். மூன்றே நாளில் பல் என்ற விளம்பரம் எல்லாருக்கும் பொய்யில்லை; இம்பிளான்ட் தொடக்கத்திலேயே இறுக்கமாக நிற்கும் அளவுக்கு அடர்ந்த எலும்பு உள்ளவருக்கு அது பொருந்தும். எலும்பு கரைந்து தவிப்பவர் அந்தப் பட்டியலில் இருப்பது அரிது.

எலும்பைக் கூட்டாமலே தீர்வு காண முடிந்தால் அதையே நான் விரும்புவேன். குட்டையான இம்பிளான்டுகள், சைனஸைத் தவிர்த்துச் சாய்வாக வைக்கும் இம்பிளான்டுகள், மேல்தாடையில் எலும்பே இல்லாதவர்களுக்குக் கன்ன எலும்பில் ஊன்றும் நீண்ட இம்பிளான்டுகள் என்று வழிகள் இருக்கின்றன. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாத முதியவருக்கு, முன்பகுதியில் இரண்டே இம்பிளான்டுகள் வைத்து அவற்றின் மேல் கழற்றி மாட்டும் செட்டைப் பொருத்துவது, செலவுக்கும் பயனுக்கும் இடையில் மிகப் பொருத்தமான வழி என்பது என் கருத்து.

கால்சியம் மாத்திரை, முகப் பயிற்சி, நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு ஆகியவற்றால் தாடை எலும்பு திரும்ப வளரும் என்று காணொளிகளில் சொல்லப்படுவதை நம்பிக் காலம் கடத்த வேண்டாம். வைட்டமின் டி குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டும்தான். ஆனால் பல் இல்லாத இடத்தில் எலும்பை அது கொண்டுவந்து வைக்காது. கன்னத்தில் போடும் ஃபில்லர் ஊசி தோலை நிரப்பும், எலும்பைத் தொடாது.

முக வடிவைத் திருத்தும் நாள்

முகம் பழைய நிலைக்குத் திரும்புவது பெரும்பாலும் செயற்கைப் பல் துறையின் நாற்காலியில், மெழுகு மாதிரியை வாயில் வைத்துப் பார்க்கும் அன்றுதான் தீர்மானமாகிறது. அதை அவசரமாக முடித்துக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். பல் இருந்த காலத்துப் புகைப்படத்தை, திருமண ஆல்பத்திலிருந்தாவது தேடி எடுத்துச் செல்லுங்கள். உதடு எவ்வளவு முன்னால் நின்றது, சிரித்தால் எவ்வளவு பல் தெரிந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் சென்று பக்கவாட்டிலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள். வாயை இயல்பாக மூடி ஓய்வாக இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு இடையே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ‘சரஸ்வதி’, ‘பஸ் ஸ்டாண்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் எழுந்தால் உயரம் கூடிப்போயிருக்கிறது என்று பொருள். உயரம் குறைவாக இருந்தாலோ, மெழுகிலேயே மோவாய் மேலேறி வாயோர மடிப்பு தெரியும். மெழுகாக இருக்கும்வரை எதையும் மாற்றலாம். அக்ரிலிக்காக வார்த்த பின் மாற்றுவது கடினம்.

சாதாரணப் பல்செட் எலும்பை இழுப்பதில்லை, மேலிருந்து அழுத்துகிறது. ஆகவே தேய்வு தொடரும். செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை காட்டி, தளர்ந்திருந்தால் உட்புறத்தை நிரப்பிக்கொள்வதும் அந்தத் தேய்வின் வேகத்தைக் குறைக்கும். தளர்ந்த செட்டைப் பசை போட்டு ஒட்டி ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது எலும்பைத் தின்னக் கொடுப்பதற்குச் சமம்.

புற்றுநோய் அறுவையிலோ, 2021-இல் கொரோனாவைத் தொடர்ந்து பரவிய கருப்புப் பூஞ்சையிலோ தாடையின் ஒரு பகுதியையே இழந்தவர்களுக்கு மேலே சொன்ன தூளும் சவ்வும் போதாது. காலின் வெளிப்புறத்தில் இருக்கும் மெல்லிய எலும்பை அதன் இரத்தக்குழாயோடு எடுத்து, தாடை வடிவில் வெட்டி இணைத்து, கழுத்து இரத்தக்குழாயோடு தைக்கும் பெரிய அறுவை அவர்களுக்கு உண்டு. அண்ணத்தில் ஓட்டை விழுந்தவர்களுக்கு அதை அடைக்கும் தகடும் செய்வார்கள். இவற்றை வாய்-முக அறுவை நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரும் சேர்ந்து செய்யும் பெரிய மருத்துவமனையில்தான் திட்டமிட வேண்டும்.

அறுவைக்குப் பின்

முதல் நாள் கன்னத்தின் வெளிப்புறத்தில் விட்டு விட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அதன் பிறகே வடியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். முதல் நாள் சூடான காபியும் காரமும் கூடாது. ஆறிய கஞ்சி, மோரில் கரைத்த சாதம், குழைந்த இட்லி, இடியாப்பம் போதும். முறுக்கு, பொரித்த அப்பளம், கரும்பு ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை மறந்துவிட வேண்டும். எச்சிலைக் காறித் துப்பாமல் வழியவிட வேண்டும். குளோர்ஹெக்சிடின் மருந்தால் கொப்பளிப்பவர்கள், பேஸ்ட் கொண்டு துலக்கிய உடனே கொப்பளிக்காமல் அரைமணி நேரமாவது இடைவெளி விட வேண்டும்; இல்லாவிட்டால் மருந்தின் வீரியம் குறையும். மரத்துப்போன கீழுதடு மறுநாளும் உணர்வு திரும்பாமல் இருந்தால், வீக்கம் மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால், மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் வந்தால், அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும்.

இம்பிளான்டுக்குச் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறு அழுகி எலும்பு கரையும் நோய் வரும், அதுவும் வலியில்லாமல் வரும். இடைவெளித் தூரிகையால் நாள்தோறும் சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். இம்பிளான்டின் பெயர், அளவு, தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, சிபிசிடி படத்தோடு ஒரே கோப்பில் வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவரிடம், தளர்ந்த திருகாணியை மாற்ற வேண்டி வந்தால், எந்தத் திருகுளி பொருந்தும் என்பதை அந்தச் சீட்டுதான் சொல்லும்.